எறும்பும் தேனீயும் முதலீட்டுக் கணக்கும்

கணினித் துறையினர் நாள்தோறும் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல், அப்பாஸியக் கலீஃபா மாமூனின் காலத்தில் பாக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் திரிந்ததால் பிறந்தது என்பதை நம் வாசகர்களில் பலர் அறிவர். அவரது 'அல்-ஜப்ர் வல்-முகாபலா' என்னும் நூலே அல்ஜீப்ராவுக்குப் பெயர் தந்தது என்பதும் தெரிந்த செய்திதான். அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. அந்நூலின் பெரும்பகுதி வஸிய்யத்தையும் வாரிசுரிமையையும் பற்றிய கணக்குகளால் ஆனது. ஒரு சொத்தை, விதிக்கப்பட்ட வரம்புகளுள் நின்று, யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது எப்படி என்பதே அக்கணக்குகளின் பொருள்.

இக்கட்டுரையின் பொருளும் பிரித்தலைப் பற்றியதே. கையிலுள்ள சேமிப்பைப் பல நிறுவனங்களின் பங்குகளில் எந்த விகிதத்தில் இட்டால் இழப்பின் அச்சம் குறைந்து வருவாய் நிலைக்கும் என்னும் கேள்விக்கு, எறும்பு, தேனீ, பறவைக் கூட்டம் முதலியவற்றின் நடத்தையைக் கண்டு வகுக்கப்பட்ட கணக்கு முறைகளைக் கையாளும் ஆய்வுகள் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகியுள்ளன. எறும்பின் பெயரிலும் தேனீயின் பெயரிலும் அத்தியாயங்களைக் கொண்ட திருமறையை ஓதுகிறவர்களுக்கு இச்செய்தி தனி ஈர்ப்புடையது. அந்த ஈர்ப்பே ஆராய்வதற்கு முன் நம்பிவிடும்படி நம்மைச் செய்துவிடவும் கூடும். எனவே இம்முறைகள் எதைச் செய்கின்றன, எதைச் செய்ய இயலாதவை என்பதைச் சற்று நிதானமாகக் காண்போம்.

மானாவாரி நிலம் கற்பிக்கும் பாடம்

தருமபுரி மாவட்டத்தில் கம்பைநல்லூரைச் சுற்றியுள்ள மானாவாரிச் செம்மண் நிலத்தில் கேழ்வரகு விதைக்கும் குடியானவர், அதனிடையே அவரையோ மொச்சையோ சால்விட்டு விதைப்பதும், வரப்போரம் நாலு ஆமணக்கு ஊன்றுவதும், கொட்டிலில் இரண்டு ஆடு வளர்ப்பதும் வழக்கம். பருவமழை பொய்த்தால் கேழ்வரகு கருகும். ஆனால் அவரை மார்கழிப் பனியைக் கொண்டே காய்த்துவிடும். இரண்டும் பொய்த்தால் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டலாம். இவை தனித்தனியே எவ்வளவு தரும் என்பதைக் காட்டிலும், ஒன்று கைவிடும்போது மற்றொன்று கைகொடுக்குமா என்பதே அவருடைய கணக்கு.

இதே எண்ணத்தைக் கணித வடிவில் வகுத்தவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். 1952ஆம் ஆண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்ற இளைஞராக இருந்தபோது அவர் வெளியிட்ட சிறு கட்டுரையே இத்துறையின் தொடக்கம். 1990ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை அவர் மெர்ட்டன் மில்லர், வில்லியம் ஷார்ப் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார், 2023இல் மறைந்தார். அவர் சொன்னதை எளிய எண்களால் காட்டலாம். இரண்டு பங்குகள் உள்ளன. ஒவ்வொன்றின் வருவாயும் ஆண்டுதோறும் சராசரியிலிருந்து 20 விழுக்காடு மேலும் கீழும் ஊசலாடுகிறது எனக் கொள்வோம். பணத்தைப் பாதிபாதியாக இரண்டிலும் இடுகிறோம். இரண்டும் ஒருசேர ஏறி ஒருசேர இறங்குமாயின் தொகுப்பின் ஊசலும் 20 விழுக்காடே, பிரித்ததால் பயனில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அசையுமாயின் ஊசல் ஏறத்தாழ 14 விழுக்காடாகக் குறையும். ஒன்று ஏற மற்றொன்று அதே அளவில் இறங்குமாயின் ஊசலே இராது. ஆக, பங்குகளின் எண்ணிக்கையன்று, அவற்றிடையேயுள்ள உறவே இடரைத் தீர்மானிக்கிறது.

உறவுகளை எண்ணத் தொடங்கினால் கணக்கு விரிகிறது. 50 நிறுவனங்களுக்கிடையே 1,225 இணைகள். 200 நிறுவனங்களாயின் 19,900 இணைகள். ஆயினும் இது கணினிக்குப் பெரிய சுமையன்று. நிபந்தனைகள் அதிகமில்லாத இக்கணக்கைத் தீர்க்கும் துல்லியமான வழியை மார்க்கோவிட்ஸே 1956இல் வெளியிட்டுவிட்டார். இதைப் பல கட்டுரைகள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. கணக்கு இந்த நிலையில் நின்றால் எறும்புக்கும் தேனீக்கும் இங்கு வேலையே இல்லை.

வேலை பிறப்பது நடைமுறை வரம்புகள் நுழையும்போதுதான். '50 நிறுவனங்களுள் 10 மட்டுமே வேண்டும்; எதிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இட வேண்டும்; ஒரே துறையில் கால் பங்குக்கு மேல் கூடாது' என்று ஒருவர் கேட்கிறார். 50இலிருந்து 10ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள் மட்டும் 1,027 கோடிக்கு மேல். அவை ஒவ்வொன்றிலும் பணத்தைப் பிரிக்கும் விகிதங்களோ எண்ணில. முன்பு வழவழப்பான ஒரே குன்றாக இருந்த கணக்கு, இப்போது மேடும் பள்ளமுமான மலைத்தொடராகிவிடுகிறது. மூடுபனியில் வத்தல்மலையடிவாரத்தில் நிற்பவர், 'ஏற்றமாகத் தோன்றும் பக்கமே நடப்பேன்' என்று நடந்தால் பக்கத்துக் கரட்டின் உச்சியில் போய் நிற்பார். அங்கிருந்து எப்பக்கமும் இறக்கமாதலால் அதுவே சிகரம் என்று எண்ணிக்கொள்வார். பழைய முறைகள் இடறுவது இவ்விடத்தில்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த சாங், மீட், பீஸ்லி, ஷரைஹா ஆகிய நால்வர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஹாங்காங்கின் 31 பங்குகள் முதல் ஜப்பானின் 225 பங்குகள் வரை ஐந்து சந்தைகளின் விலைகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். எண்ணிக்கை வரம்பு நுழைந்தவுடன், இடருக்கும் வருவாய்க்கும் இடையிலான சீரான வளைகோடு துண்டுபடவும் கூடும் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. அவர்கள் திரட்டிய எண்களைப் பிற்கால ஆய்வாளர் பலர் தம் முறைகளைச் சோதிக்கும் உரைகல்லாகக் கொண்டனர்.

மறக்கும் எறும்பு, கைவிடும் தேனீ

1989இல் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் தெனூபூர்க்கும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனையை வெளியிட்டனர். எறும்புப் புற்றுக்கும் இரைக்கும் இடையே இரண்டு பாலங்கள். ஒன்று குட்டை, மற்றொன்று நெட்டை. முதலில் எறும்புகள் இரண்டிலும் சரிபாதியாகச் சென்றன. குட்டைப் பாலத்தில் சென்றவை முன்னதாகத் திரும்பியதால் அதில் அவை விட்ட வாசனைச் சுவடு விரைவில் அடர்ந்தது. அடர்ந்த சுவடு மேலும் எறும்புகளை ஈர்த்தது. சற்று நேரத்தில் ஏறத்தாழ எல்லாமே குட்டைப் பாலத்துக்கு வந்துவிட்டன. எந்த எறும்பும் இரண்டையும் அளந்து பார்க்கவில்லை. தலைவரும் இல்லை.

இதே சோதனையின் மற்றொரு பகுதியைப் பலர் குறிப்பிடுவதில்லை. முதலில் நெட்டைப் பாலத்தை மட்டும் வைத்து, எறும்புகள் பழகிய பின்னர் குட்டைப் பாலத்தை வைத்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை பழைய நெட்டை வழியிலேயே சிக்கிக்கொண்டன. வாசனை எளிதில் மறையாததே காரணம். 1992இல் மிலான் பல்கலைக்கழகமொன்றில் தம் முனைவர் பட்ட ஆய்வில் எறும்பு முறையைக் கணினிக்குக் கொண்டுவந்த மார்க்கோ டோரிகோ, செயற்கைச் சுவடு ஒவ்வொரு சுற்றிலும் ஓரளவு ஆவியாகும்படி அமைத்தார். இயற்கை எறும்பைக் காட்டிலும் கணினி எறும்பு விரைவில் மறக்கும். இயற்கையிலிருந்து கற்றவர்கள் இயற்கையை அப்படியே பெயர்த்து எழுதவில்லை. வேண்டியதைக் கொண்டு, வேண்டாததைத் திருத்திக்கொண்டனர்.

முதலீட்டில் இது இவ்வாறு செயல்படும். கணினிக்குள் நூறு எறும்புகள் உண்டென வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் பங்குகளைப் பொறுக்கி ஒரு கூடையை நிரப்புகிறது. எக்கூடையின் வருவாயும் இடரும் நல்ல நிலையில் உள்ளனவோ, அக்கூடையிலுள்ள பங்குகளின்மேல் சுவடு கூட்டப்படும். எல்லாச் சுவடும் சிறிது ஆவியாகும். அடுத்த சுற்றில் எறும்புகள் சுவடு அடர்ந்த பங்குகளை அதிகமாகவும், ஏனையவற்றை எப்போதாவதும் பொறுக்கும். இப்படி ஆயிரக்கணக்கான சுற்றுகள்.

தேனீயின் நடனத்தால் அதன் தோழிகள் மலர்வெளியின் திசையையும் தொலைவையும் அறிகின்றன என்பதைக் கண்டு விளக்கிய கார்ல் ஃபான் ஃப்ரிஷ், 1973இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர். அந்த ஏற்பாட்டைக் கணக்காக்கியவர், துருக்கியில் கைஸரி நகரின் எர்ஸியஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் தெர்விஷ் கராபோகா, ஆண்டு 2005. அவரது முறையில் தேனீக்கள் மூவகை. ஒரு வகை, தான் அறிந்த மலரிடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடும். இரண்டாம் வகை, கூட்டில் இருந்துகொண்டு, சிறந்த இடங்களைப் பற்றிய செய்தியைக் கேட்டு அங்கே கூடுதலாகச் செல்லும். குறிப்பிட்ட தடவை முயன்றும் முன்னேற்றம் காணாத இடத்தை ஒரு தேனீ கைவிட்டு, முன்பின் அறியாத இடம் நோக்கிப் புறப்படும். அதுவே மூன்றாம் வகையான வேவுத் தேனீ. இங்கே மலரிடம் என்பது ஒரு பங்குக் கூடை. பக்கத்துக் கரட்டின் உச்சியில் நின்றுவிட்டவரை அங்கிருந்து பெயர்ப்பது இந்தக் கைவிடுதலே.

பறவைக் கூட்டத்தை வைத்து, சமூக உளவியலாளர் ஜேம்ஸ் கென்னடியும் மின்பொறியாளர் ரஸ்ஸல் எபர்ஹார்ட்டும் 1995இல் வகுத்த முறையும், இனப்பெருக்கத்தில் பண்புகள் கலந்து வழிவழியாகத் தேர்வு பெறுவதைப் பின்பற்றி ஜான் ஹாலண்ட் 1975இல் நூலாக எழுதிய மரபணு முறையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. உருவகம் வேறு, உட்பொருள் ஏறக்குறைய ஒன்று. கண்டதில் நல்லதைச் சுற்றித் தேடு. அதிலேயே மயங்கிவிடாமல் அவ்வப்போது புறத்தேயும் தேடு.

கோவையில் நடந்த ஆய்வு

நம் மாநிலத்திலேயே இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி நடந்துள்ளது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் ஜி.ஏ. விஜயலட்சுமி பாய், பாரிசில் முதலீட்டுத் துறையில் பணியாற்றிய தியரி மிஷேலுடன் சேர்ந்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மும்பைப் பங்குச் சந்தையின் 200 பங்குகளைக் கொண்ட குறியீட்டின் 2001 ஜூலை முதல் 2006 ஜூலை வரையிலான விலைகளும், டோக்கியோவின் நிக்கேய் 225 பங்குகளின் 2002 முதல் 2007 வரையிலான விலைகளும் அதில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவர்கள் செய்த உபாயம் எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. ஒன்றுபோல் அசையும் பங்குகளை முதலில் குழுக்களாகப் பிரித்தனர். பத்துப் பங்கு வேண்டுமாயின் பத்துக் குழு. குழுவுக்கு ஒன்றாக எடுத்தால் எண்ணிக்கை வரம்பு தானே நிறைவேறும். எடுத்தவை ஒன்றையொன்று ஒத்திராமலும் இருக்கும். அதன் பின்னர், எதில் எவ்வளவு என்னும் விகிதத்தைப் பரிணாம முறையால் தேடினர். அப்பேராசிரியர் 2018இல் இப்பொருள் பற்றி ஒரு பாடநூலையும் வெளியிட்டுள்ளார்.

இதில் எனக்குப் பிடித்தது, தேடலைத் தொடங்குமுன்பே களத்தை ஒழுங்கு செய்தமை. கேழ்வரகையும் சாமையையும் ஒரு குழுவாக்கி, அவரையையும் மொச்சையையும் மற்றொரு குழுவாக்கி, குழுவுக்கு ஒன்றாக விதைக்கச் சொல்வது போன்றது அது. எறும்பை நம்பி எல்லாவற்றையும் அதன் தலைமேல் ஏற்றவில்லை.

ஹலால் வரம்பும் அபராதமும்

நம்மவர்க்கு இக்கணக்கில் கூடுதலாக ஒரு வரம்பு உண்டு. வட்டித் தொழில், மது, சூதாட்டம் முதலியவற்றில் ஈடுபடும் நிறுவனங்கள் விலக்கப்பட வேண்டும். தொழில் ஆகுமானதாயினும் வட்டிக் கடன் அளவு மீறியிருந்தால் அதுவும் விலக்கப்படும். பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட ஐயோஃபி அமைப்பின் நியதிப்படி, வட்டிக் கடன் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஆகாத வழியில் வந்த வருமானம் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது. அந்தச் சிறு பகுதியையும் தர்மமாகக் கொடுத்துத் தூய்மைப்படுத்த வேண்டும். இந்தியாவில் தேசியப் பங்குச் சந்தை 2008இல் ஷரீஅத் குறியீடுகளைத் தொடங்கியது. மும்பைப் பங்குச் சந்தையின் ஷரீஅத் 50 குறியீடு 2010 டிசம்பரில் வந்தது.

இவ்வடிகட்டலால் பிரித்தல் கணக்கு கடினமாகிறது என்பதை நம்மவர் பலர் கவனிப்பதில்லை. நிஃப்டி 50 குறியீட்டில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மட்டும் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இடம்பெறுகின்றன. அத்துறையே நீங்கிவிட்டால், எஞ்சுவதில் மென்பொருளும் மருந்தும் நுகர்பொருளும் மிகுந்து நிற்கும். பட்டியலில் முப்பது பெயர் இருந்தாலும், உண்மையில் மூன்று நான்கு குழுக்களே. மென்பொருள் நிறுவனம் பத்தை வாங்கியவர் பத்து வயலில் கேழ்வரகு மட்டும் விதைத்தவருக்கு ஒப்பானவர். ஆகவே, நம்முடையது போன்ற வரம்பு மிகுந்த கணக்குக்குத்தான் இத்தேடல் முறைகள் மெய்யாகவே பயன்படும்.

ஆனால் இங்கு ஃபிக்ஹு பயின்றவர் உற்று நோக்க வேண்டிய ஓரிடம் உண்டு. இம்முறைகளை எழுதும் பொறியாளர்கள், வரம்பை மீறும் கூடையைக் கையாள இரண்டு வழிகளை வைத்துள்ளனர். ஒன்று, அக்கூடையை அறவே ஏற்காதிருத்தல். மற்றொன்று, மீறலின் அளவுக்கேற்ப மதிப்பெண்ணைக் குறைத்தல். இதற்கு அவர்கள் வைத்த பெயரே 'அபராதம்' என்பதுதான். ஒரு துறையில் கால் பங்குக்கு மேல் கூடாது என்பது நாமே நமக்கு இட்டுக்கொண்ட வசதி வரம்பு. அது 26 விழுக்காடு ஆனால் அபராதம் போதும். வட்டி வங்கியின் பங்கை அதே போல அபராதத்தின்கீழ் விட்டால் என்ன ஆகும்? வருவாய் போதிய அளவு கூடுமாயின், அபராதத்தைச் செலுத்திவிட்டு ஹராமை உள்ளே கொண்டுவந்துவிடும் அந்தத் தேனீ. அதற்கு ஆகுமானது, ஆகாதது என்னும் வேறுபாடே இல்லை. மதிப்பெண் மட்டுமே உண்டு. எனவே ஹலால் வரம்பு, தேடல் தொடங்குமுன் பட்டியலிலேயே நிறைவேறியிருக்க வேண்டும். 'ஷரீஅத் வரம்பும் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது' என்று ஒரு மென்பொருளின் கையேடு சொல்லுமாயின், எவ்வாறு சேர்க்கப்பட்டது என்று கேட்பது நம் கடமை.

மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு: இம்முறைகள் தாயம் உருட்டுவது போல எழுமான எண்களைக் கொண்டே தேடுகின்றனவே, இது மைஸிர் ஆகாதா? மைஸிரும் கரரும் ஒப்பந்தத்தின் தன்மைகள். கைமாறும் பொருளும் விலையும் தெளிவாக இருக்கையில், வாங்குவது எது என்று ஆராயும்போது மனிதன் எவ்வழியில் தேடினான் என்பது ஒப்பந்தத்தைக் கெடுக்காது. இது என் கருத்து, ஃபத்வா அன்று.

தேடியது கிடைக்கும், நாடியது கிடைக்குமா?

இனி இக்கட்டுரையின் முதன்மையான செய்திக்கு வருவோம். எறும்பும் தேனீயும் தேடுவது, நாம் கொடுத்த எண்களின் மலைத்தொடரில். அவ்வெண்களோ கடந்த காலத்தவை. ஐந்தாண்டில் நன்றாக ஏறிய பங்கு அடுத்த ஐந்தாண்டிலும் அவ்வாறே ஏறும் என்பதற்கு எறும்பு பொறுப்பேற்கவில்லை. பங்குகளின் சராசரி வருவாயைக் கணிப்பதில் சிறு பிழை இருப்பினும், சிறந்த கூடையைத் தேடும் முறை அப்பிழையையே நாடிச் செல்லும். ஏனெனில், எதன் வருவாய் தவறுதலாக மிகைபடக் கணிக்கப்பட்டதோ அதுவே கணக்கில் மிகச் சிறந்ததாகத் தோன்றும். 1989இல் ரிச்சர்ட் மிஷோ இத்தகைய கணக்குகளைப் 'பிழையைப் பெருக்குபவை' என்று குறை கூறினார். தேடும் கருவி கூர்மையாகக் கூர்மையாக இக்குறையும் கூர்மையாகும் என்பது வேடிக்கை.

2009இல் டிமிகேல், கார்லாப்பி, ராமன் உப்பல் ஆகிய மூவர் ஒரு சோதனை செய்தனர். இடர்–வருவாய்க் கணக்கின் 14 வகைகளை, ஏழு தொகுதி எண்களின்மீது ஓட்டி, பணத்தை எல்லாப் பங்கிலும் சமமாகப் பிரிக்கும் பாமர முறையோடு ஒப்பிட்டனர். எதிலும் தொடர்ந்து சமப் பங்கீட்டை வெல்லும் முறை ஒன்றேனும் அகப்படவில்லை. அமெரிக்கச் சந்தையின் போக்கை அளவாகக் கொண்டால், 25 பங்குகளுள்ள தொகுப்பில் நுட்பக் கணக்கு சமப் பங்கீட்டை மிஞ்சுவதற்கு ஏறத்தாழ 3,000 மாத விலைகள் வேண்டும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். அதாவது 250 ஆண்டுகள். மார்க்கோவிட்ஸ்கூடத் தம் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பங்குக்கும் கடன் பத்திரத்துக்கும் சரிபாதியாகவே பிரித்ததாகப் பிற்காலத்தில் கூறியுள்ளார். (கடன் பத்திரம் நமக்கு ஆகாது என்பது வேறு.)

கணக்கு முறைகளின் பெயர்களிலும் மயங்க வேண்டியதில்லை. எறும்புக்கும் தேனீக்கும் பின் மின்மினி, குயில், வௌவால், ஓநாய், திமிங்கிலம் என்று ஒரு விலங்குக் காட்சிச்சாலையே வந்துவிட்டது. பெயரை நீக்கிச் சமன்பாட்டைப் பார்த்தால் பல பழையனவே என்று 2015இல் கென்னத் சோரன்சன் கடுமையாக எழுதினார். எல்லா வகைக் கணக்குக்கும் சிறந்த தேடல் முறை என ஒன்று இருக்கவே முடியாது என்பதை வோல்பர்ட்டும் மக்ரெடியும் 1997இலேயே கணித முறையில் நிறுவிவிட்டனர்.

இவற்றையெல்லாம் இங்கு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2019 ஜூனில் பெங்களூரில் ஐ மானிட்டரி அட்வைசரி என்னும் நிறுவனம் சரிந்தபோது, 'ஹலால் முதலீடு' என்னும் சொல்லையே சான்றாகக் கொண்டு பணம் இட்ட பல்லாயிரவர் தெருவில் நின்றனர். அவர்களுள் பலர் தம் சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் இட்டிருந்தனர். அங்கே எந்த அல்காரிதமும் இல்லை. ஆயினும், சொல்லின் புனிதத்தைக் கண்டு கணக்கைக் கேளாதிருந்த அதே மனநிலைக்கு, நாளை 'திருமறை புகழ்ந்த தேனீயின் வழியில் இயங்கும் செயற்கை நுண்ணறிவு' என்று ஒருவர் விளம்பரம் செய்தால் போதும்.

அவ்வாறு ஒருவர் வந்தால் கேட்க வேண்டியவை கணிதம் அறியாதவரும் கேட்கக் கூடியவையே. எந்த ஆண்டுகளின் விலையைக் கொண்டு கூடையைத் தேர்ந்தீர், தேர்வுக்குப் பயன்படாத பிந்தைய ஆண்டுகளில் அது என்ன தந்தது? அதே பங்குகளைச் சமமாகப் பிரித்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? எழுமான எண்ணால் தேடுவதால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடை சற்று மாறும். முப்பது முறை ஓட்டினீரா, அல்லது நன்றாக வந்த ஒரு முறையை மட்டும் காட்டுகிறீரா? மாதந்தோறும் கூடையை மாற்றச் சொல்வீராயின், தரகும் வரியும் போக மிஞ்சுவது எவ்வளவு? கடன் அளவு கூடி ஒரு நிறுவனம் ஷரீஅத் பட்டியலிலிருந்து நீங்கும்போது, அதை எத்தனை நாளுக்குள் விற்பீர், அந்த இழப்பை உம் பழைய கணக்கில் சேர்த்தீரா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை இராது. ஏனெனில், முந்தைய ஆண்டுகளின் விலையைத் தேடி எடுப்பவர்கள், அந்தந்த ஆண்டில் பட்டியலில் எவை இருந்தன என்பதைத் தேடி எடுக்காமல், இன்றைய பட்டியலையே பின்னோக்கி வைத்துக் கணக்கிட்டுவிடுகின்றனர். இடையில் நீங்கியவையும் நலிந்தவையும் அதில் காணப்படுவதில்லை.